எள்ளலும் எழுத்தும்: மிண்டி கேலிங்கின் கலைவாழ்வு

மெய்ப்பாடுகளை வகுத்துரைத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையை முதலாக வைத்தார். நகை பிறக்கும் களன்களுள்ளும் எள்ளலையே முதலாக வைத்தார். அப்பகுதிக்கு உரைகண்ட பேராசிரியர் எள்ளலை மேலும் இருகூறாக்கி, ஒருவன் பிறரை எள்ளும்வழித் தோன்றும் நகையும், பிறரால் தான் எள்ளப்படும்வழித் தோன்றும் நகையும் என வேறுபடுத்திக் காட்டுவர். இலக்கண நுட்பமாகத் தோன்றும் இவ்வேறுபாடு உண்மையிற் சமூக வரலாற்றுக்கும் உரியதாகும். ஓர் அரங்கிலே எள்ளுவோர் யார், எள்ளப்படுவோர் யார், எள்ளுதற்குரிய சொற்களை எழுதிக்கொடுப்போர் யார் என்பன அவ்வரங்கு தோன்றிய சமூகத்தின் அதிகார ஒழுங்கை அறிதற்குத் துணைபுரியும் வினாக்களாம். ஐக்கிய அமெரிக்காவில் மேடையிலே தனித்துநின்று நகைச்சுவை நிகழ்த்துபவராகத் தொடங்கி, தொலைக்காட்சி எழுத்தாளராகவும் நடிகையாகவும் வளர்ந்த மிண்டி கேலிங் என்பாரின் கலைவாழ்வு இவ்வினாக்களுக்கு விடைதேடுவார்க்குப் பெரிதும் பயன்படுவது. அவர் சொக்கலிங்கம் என்னும் தமிழரின் மகள் என்பது அவ்விடையை நமக்கு மேலும் அணித்தாக்குகின்றது.

தொலைவிலுள்ளதை நோக்குமுன் அண்மையிலுள்ளதைக் காண்பது தகும். கண்டிப் பிரதேசத்துச் சிங்களக் கிராமங்களில், அறுவடை முடிந்தபின் களத்துமேட்டில் ஆடப்பட்டுவந்த நாட்டார் நாடகம் சொக்கரி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விளங்கிய பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாட்டார் நாடகம் பற்றிய தம் நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். இந்தியாவிலிருந்து மனைவியோடும் வேலைக்காரனோடும் இலங்கைக்கு வந்துசேரும் ஆண்டிகுருவே அதன் நகைப்புக்கெல்லாம் மூலம். அவனுடைய நடையும் பேச்சும் அறியாமையும் ஊராருக்குச் சிரிப்பாகின்றன. ஈற்றில் அவன் மனைவி சொக்கரி உள்ளூர் வைத்தியனோடு போய்விடுகின்றாள். கடல் கடந்து வந்த அந்நியன் எள்ளப்படுகின்றான். அவனை ஏய்ப்பவள் பெண். எனினும் அப்பெண்ணின் வேடத்தைப் புனைந்து ஆடுபவனோ ஓர் ஆண்மகன்.

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தின் நிலையும் இதுவே. மன்மதனோடு ஆடும் ரதிக்கு வேடமிடுபவர் வழக்கமாக ஆண். இடையிடையே வந்து சிரிப்பூட்டும் கோமாளியும் ஆண். தோட்டத்து உழைப்பின் பெரும்பங்கு கொழுந்து பறிக்கும் பெண்களுடையதாயிருக்க, கூத்துக் களத்தில் அவர்கள் நெடுங்காலம் பார்வையாளராகவே இருந்தனர். சிங்களக் களத்துமேடும் தமிழ்த் தோட்டமும் பிறவற்றில் எத்துணை வேறுபடினும், பெண்ணைப் பற்றிய சிரிப்பை ஆணே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதில் உடன்பட்டே நின்றன.

இலங்கை வானொலி வந்தபின்னும் நிலைமை பெரிதாக மாறிற்று என்று கூறுதற்கில்லை. 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் தொடர் கேட்டாரையெல்லாம் கவர்ந்தது. 1976 இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வெளிவந்தது. எஸ். ராமதாஸ் மரிக்கார் என்னும் முஸ்லிமாகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டி என்னும் யாழ்ப்பாணத்தவராகவும், எஸ். செல்வசேகரன் உபாலி என்னும் சிங்களவராகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் தோன்றினர். ஒருவர் இனத்தை மற்றவர் பேசிக் காட்டிய இவ்வமைப்பிலே கள்ளமற்ற ஒரு நட்பு இருந்தது என்பதை மறுக்கவியலாது; மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன் எனப் பாத்திரப் பெயர்கள் நடிகர் பெயரோடு ஒட்டிக்கொண்டமை அதற்குச் சான்று. ஆயினும் பேச்சு வழக்கின் வேற்றுமையையே சிரிப்பின் முதலாகக் கொண்ட அந்த நால்வருள் பெண்ணொருத்தி இல்லை.

தமிழகத்திலோ பெண் நகைச்சுவையாளர்க்குக் குறைவில்லை. என். எஸ். கிருஷ்ணனோடு இணைந்து நடித்த டி. ஏ. மதுரம், நாடக மேடையிலிருந்து வந்து 1958 இல் 'மாலையிட்ட மங்கை' மூலம் திரையில் அறிமுகமாகி ஆயிரத்திற்கு மேற்பட்ட படங்களில் நடித்த மனோரமா ஆகியோரை அறியாத தமிழரில்லை. 2015 இல் மறைந்த மனோரமா பேசாத வட்டார வழக்கில்லை எனலாம். ஆனால் அவர் பேசியவை பெரும்பாலும் ஆண்கள் எழுதியவை. எழுதவும் இயக்கவும் நடிக்கவும் ஒருங்கே துணிந்தவர் ரி. பி. ராஜலக்ஷ்மி, தம் நாவலொன்றை 1936 இல் 'மிஸ் கமலா' என்னும் படமாக்கினார். அவர் காட்டிய வழியிற் பின்சென்ற பெண்கள் மிகச் சிலர். சிரிக்கவைக்கும் திறன் பெண்ணுக்கு உண்டென்பதைத் தமிழ் அரங்கு எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. சிரிப்பை எழுதும் உரிமையே நெடுங்காலம் கைக்கெட்டாதிருந்தது. மிண்டி கேலிங்கின் வரலாறு நமக்கு முதன்மையாவது இவ்விடத்திலேதான்.

அவர் 1979 ஆம் ஆண்டு யூன் 24 ஆம் திகதி மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை தமிழரான கட்டடக் கலைஞர். தாய் வங்காளியான மகப்பேற்று மருத்துவர். இருவரும் சந்தித்தது இந்தியாவில் அன்று, நைஜீரியாவிலுள்ள ஒரு மருத்துவமனையில். மகள் பிறந்த ஆண்டிலேயே அவர்கள் அமெரிக்காவிற் குடியேறினர். ஆசியரின் வரவை நெடுங்காலம் தடுத்துவைத்திருந்த அமெரிக்கா, 1965 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்பின் மருத்துவர், பொறியியலாளர் போன்ற கற்றோருக்குக் கதவைத் திறந்தது. அக்கதவால் நுழைந்த குடும்பங்களுள் இதுவும் ஒன்று. கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கால்நடையாக வந்த தமிழரின் பெயர்ச்சியோடு இதனை ஒப்பிட்டால் இரண்டிற்குமிடையே ஒற்றுமை காண்பதரிது. ஆயினும் சொந்தப் பெயரைப் பிறர் வாயில் ஒப்படைக்கும் நிலை இரு பெயர்ச்சிக்கும் பொது. தோட்டப் பதிவேடுகளிலும் பிறப்புச் சான்றிதழ்களிலும் எழுதுவோரின் செவிக்கேற்பத் திரிந்துபோன பெயர்களைச் சுமந்த மலையகத்தார்க்கு அடுத்து வரும் செய்தி புதிதாயிராது.

வேரா மிண்டி சொக்கலிங்கம் என்பதே அவருக்கு இடப்பட்ட முழுப்பெயர். 'மோர்க் அன்ட் மிண்டி' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரிலிருந்து 'மிண்டி' என்பதைப் பெற்றோர் எடுத்துக்கொண்டனர். இவ்வாறு நகைச்சுவைத் தொடரொன்றின் பெயரைப் பிறப்பிலேயே பெற்றவர், நியூயோர்க் நகரத்து மேடைகளில் நகைச்சுவை நிகழ்த்தத் தொடங்கியபோது தந்தையின் பெயரை இழக்க நேர்ந்தது. தனித்துநின்று நிகழ்த்துபவருக்கு வேடமில்லை, துணை நடிகரில்லை, காட்சியமைப்பில்லை; அறிவிப்பாளர் பெயரைச் சொல்லி அழைக்கும் கணமே அவருடைய முதற் காட்சி. சொக்கலிங்கம் என்பதை அறிவிப்பாளர்களால் ஒலிக்க முடியவில்லை. கலைஞர் வாய்திறக்குமுன்னரே சபை சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்பு கலைஞருடையதன்று. ஆகவே அவர் பெயரின் தலையையும் வாலையும் நீக்கி நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். மதுரைச் சொக்கநாதர் பெயரிலிருந்து வெட்டியெடுத்த அத்துண்டு, அமெரிக்க வாயில் 'கேலிங்' எனத் தமிழ்ச் செவிக்குக் கேலியாகவே ஒலிப்பது தற்செயலே. எனினும் அதைவிடப் பொருத்தமான தற்செயலைக் காண்பதரிது.

இச்செயலைத் தாழ்வுமனப்பான்மை என ஒருசாரார் கூறுவர். அமெரிக்க நகைச்சுவை மேடையில் யூதரும் இத்தாலியரும் தலைமுறை தலைமுறையாகப் பெயரைச் சுருக்கிவந்த வழக்கத்தை அவர்கள் கருதவேண்டும். சுருக்கியதாற் பெற்ற மேடையை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே வரலாற்று மாணவன் கேட்கத்தக்க வினா.

மேடைக்கு வருமுன்னரே அவர் எழுத்திற் பயின்றவர். டார்ட்மத் கல்லூரியில் நாடக எழுத்தைப் பாடமாகப் பயின்று 2001 இற் பட்டம்பெற்றார். அங்கே மாணவர் செய்தித்தாளுக்குச் சித்திரக்கதை வரைந்தார். நகைச்சுவை ஏட்டிற்கு எழுதினார். எழுத்துப் படியின்றி அவ்விடத்திலேயே புனைந்து நடிக்கும் குழுவொன்றிற் சேர்ந்திருந்தார். கொனன் ஓ பிரயன் நடத்திய இரவுநேர நிகழ்ச்சியிற் பயிலுநராகவும் இருந்தார். பல்கலைக்கழக ஏடுகளும் நாடகக் குழுக்களும் வீண்பொழுது என்று கருதுவோர் நம்மிடையே இன்றுமுளர். அவர்கள் இதனைக் கவனிப்பது நன்று.

பட்டம்பெற்றபின் புரூக்ளினில் தோழியரோடு வசித்துச் சில்லறைத் தொழில்கள் பார்த்துவந்த காலத்தில், பிறெண்டா விதர்ஸ் என்னும் கல்லூரித் தோழியோடு சேர்ந்து அவர் எழுதிய 'மட் அன்ட் பென்' என்ற நாடகமே வாழ்வைத் திருப்பியது. பென் அப்லெக், மட் டேமன் என்னும் இரு நடிகர்கள் 'குட் வில் ஹன்டிங்' படத்துக்கான திரைக்கதைக்காக ஒஸ்கார் பரிசு பெற்றவர்கள். அத்திரைக்கதையை அவர்கள் எழுதவேயில்லை, கூரையிலிருந்து அது தானாக விழுந்தது என்பதே நாடகத்தின் கற்பனை. கேலிங் அப்லெக்காகவும் விதர்ஸ் டேமனாகவும் ஆண்வேடமிட்டு நடித்தனர். 2002 இல் நியூயோர்க் பிரிஞ்ச் நாடக விழாவில் அரங்கேறிச் சிறந்த படைப்பெனப் பரிசுபெற்று, 2003 இல் அந்நகரின் சிற்றரங்கொன்றில் தொடர்ந்து மேடையேற்றப்பட்டது. ஈண்டுச் சொக்கரியையும் ரதியையும் நினைவுகூர்தல் பொருந்தும். நூற்றாண்டுகளாக ஆண் பெண்வேடமிட்டுச் சிரிப்பூட்டிய வழக்கத்தை இருபெண்கள் தலைகீழாக்கினர். பெண்வேடமிட்ட ஆண் எள்ளியது பெரும்பாலும் பெண்ணின் நடையையும் நாணத்தையும். ஆண்வேடமிட்ட இப்பெண்கள் எள்ளியது எழுத்தாளன் என ஆண் எளிதிற் பெறும் புகழை. யாருடைய எழுத்து யாருடைய பெயரிற் செல்கின்றது என்னும் அந்நாடகத்தின் வினா, அதன் ஆசிரியரைப் பின்னரும் விட்டகலவில்லை.

அந்நாடகத்தைக் கண்ட கிறெக் டானியல்ஸ், பிரித்தானியத் தொடரொன்றைத் தழுவித் தாம் அமெரிக்காவிற்கென உருவாக்கிய 'த ஒபிஸ்' தொடருக்கு அவரை எழுத்தாளராக அமர்த்தினார். அப்போது அவருக்கு வயது 24. எழுத்தாளர் எண்மருள் அவர் ஒருவரே பெண். சிறுபான்மையினர்க்கென அத்தொலைக்காட்சி நிறுவனம் வகுத்திருந்த திட்டத்தின்கீழ் அமர்த்தப்பட்டமை தொடக்கத்தில் தமக்கு வெட்கமாயிருந்தது என்று அவர் பின்னாளிற் கூறியுள்ளார். ஏனையோர்க்கு அறிமுகங்களால் எளிதிற் கிடைத்த வாய்ப்பே தமக்குத் திட்டத்தால் கிடைத்தது என்பதைக் காலஞ்சென்றே உணர்ந்ததாகவும் கூறினார். தரப்படுத்தல், மாவட்ட ஒதுக்கீடு ஆகியன பற்றி அரைநூற்றாண்டாக விவாதித்துவரும் இலங்கைப் பல்கலைக்கழகச் சூழலில் இக்கூற்று எளிதாகப் புறந்தள்ளப்படத்தக்கதன்று.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எழுத்தாளர் அறை என்பது தனியொரு நிறுவனம். நம் நாட்டு வழக்கிற்போல ஒருவர் தனித்திருந்து எழுதிக் கொடுப்பதன்று. எண்மர் அல்லது பதின்மர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து கதையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு சிரிப்பையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பர். மேசையிலிருப்போர் சிரித்தால் அது நிற்கும், சிரியாவிடின் வீழும். அங்கம் ஒருவர் பெயரில் வந்தாலும் அதில் எல்லோர் கையும் உண்டு. ஆகவே அம்மேசையில் யார் இருக்கின்றார் என்பது எதுவெல்லாம் நகைப்புக்குரியது என்பதைத் தீர்மானித்துவிடுகின்றது. ஒருவர் தம் வேறுபாட்டோடு அங்கே அமர்ந்திருக்கையில், அவ்வேறுபாட்டை எள்ளும் சொல்லை அவர் முகத்தைப் பார்த்தே மற்றவர் சொல்லவேண்டும். தனித்துநின்று நிகழ்த்திய மேடைப் பயிற்சி இத்தகைய மேசைக்கு உகந்த ஆயத்தமாகும்.

அவர் அத்தொடரில் கெலி கபூர் என்னும் பாத்திரமாகவும் தோன்றினார். முதற்றோற்றம் 2005 மார்ச்சில் ஒளிபரப்பான இரண்டாம் அங்கத்தில் நிகழ்ந்தது. பி. ஜே. நோவக் எழுதிய அவ்வங்கத்தில், இனவேற்றுமை பற்றிய பயிற்சி வகுப்பென்ற பெயரில் அலுவலக மேலாளர் மைக்கேல் ஸ்கொட் ஒவ்வோரினத்தையும் பேசிக்காட்டத் தலைப்படுகின்றார். கெலியின் முன்னே இந்தியக் கடைக்காரனின் பேச்சைப் போலச்செய்து எள்ளுகின்றார். அவள் அவர் கன்னத்தில் அறைகின்றாள். சில கணமே நீடிக்கும் இக்காட்சி, முன்னர்க் கூறிய வரலாற்றோடு வைத்து நோக்கத்தக்கது. பிறர் பேச்சைப் போலச்செய்து பெறும் சிரிப்பு ஆண்டிகுருவின் காலந்தொட்டு இருந்துவருவது. எள்ளப்பட்டவர் அரங்கிலேயே எதிரே நின்று விடைகூறியது மிகவும் அருமை. இங்கே பார்வையாளர் சிரிப்பது இந்தியப் பேச்சை நோக்கியன்று. அதைப் பேசிக்காட்டிய மேலாளரின் மடமையை நோக்கியே.

அடுத்த ஆண்டு நவம்பரில் ஒளிபரப்பான 'திவாலி' என்னும் அங்கத்தைக் கேலிங்கே எழுதினார். அலுவலகத்தார் அனைவரும் கெலியின் குடும்பத்தார் கொண்டாடும் விழாவிற்குச் செல்கின்றனர். கெலியின் பெற்றோராகக் கேலிங்கின் பெற்றோரே தோன்றினர். புரியாத நாட்டு விழா என்பதற்காக விழா எள்ளப்படவில்லை. அவ்விழாவின் நடுவே காதலியிடம் திருமணம் வேண்டி மறுக்கப்படும் மைக்கேலே எள்ளப்படுகின்றார். நுட்பமான இன்னொரு நகையும் அதிலுண்டு. விழாவின் வரலாறு யாதென்று கேட்டால் கெலிக்கு உடையும் உணவும் நடனமுமே தெரிகின்றன. இராமன் இராவணனை வென்று முடிசூடிய கதையை விளக்குபவர் அவளோடு பணிபுரியும் வெள்ளையர் ஒருவர். குடியேறியோரின் பிள்ளைகள் தம் மரபை இழந்து நிற்பதைக் கேலிங் இவ்வாறு தம்மையும் சேர்த்தே எள்ளினார். பேராசிரியர் வேறுபடுத்திய இருவகை எள்ளலும் ஒரே ஆசிரியரிடம் கூடிய இடமாக இதனைக் கொள்ளலாம்.

எனினும் தமிழர் ஒருவர் இவ்வங்கத்தைக் காணின் ஒன்று உறுத்தும். இராமன் முடிசூடிய நாளாகத் தீபாவளியைக் கொள்வது வடநாட்டு மரபு. நம்மவர்க்கு அது நரகாசுரன் மாண்ட நாள். கெலியின் குடும்பப்பெயர் கபூர், வடநாட்டுப் பெயர். பின்னர் அவரே தலைமைப் பாத்திரமேற்ற தொடரில் அவர் மிண்டி லகிரி, வங்காளப் பெயரினர். 'லேட் நைட்' திரைப்படத்தில் மொலி பட்டேல், குஜராத்திப் பெயரினர். 2021 இல் ஜஸ்டின் நோபிளோடு சேர்ந்து தொடங்கிய, கல்லூரி மாணவியர் பற்றிய தொடரிலே நகைச்சுவை எழுத்தாளராக விரும்பும் மாணவியின் பெயர் பெலா மல்ஹோத்ரா. சொக்கலிங்கத்தின் மகள் படைத்த பெண்கள் கபூராகவும் லகிரியாகவும் பட்டேலாகவும் மல்ஹோத்ராவாகவும் உலவினர். அமெரிக்கர் செவிக்கு இந்தியா என்றால் இப்பெயர்களே முன்வரும் என்பது ஒரு காரணமாகலாம். தந்தையின் மொழி தமிழும் தாயின் மொழி வங்காளமுமாக, வீட்டின் பொதுமொழி ஆங்கிலமாயிருந்ததும் ஒரு காரணமாகலாம். எதுவாயினும், மேடையில் வெட்டப்பட்ட பெயர் எழுத்திலும் நெடுங்காலம் திரும்பிவரவில்லை.

'த ஒபிஸ்' தொடரில் 20 இற்கு மேற்பட்ட அங்கங்கள் அவர் பெயரில் வந்தன. கிறெக் டானியல்சோடு சேர்ந்து எழுதிய 'நயாகரா' அங்கத்திற்காக 2010 இல் எமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். இதற்கு முன்னரே நிகழ்ந்த ஒன்றை 2019 இல் அவர் வெளியிட்டார். தொடர் விருதுக்குத் தெரிவானபோது தயாரிப்பாளர் தொகை மிகுதியென்று கூறித் தம் பெயரை நீக்க முற்பட்டனர் என்றும், தம் பங்களிப்பை நிறுவத் தாம் கட்டுரை எழுதவும் ஏனைத் தயாரிப்பாளரிடம் கடிதம் பெறவும் நேர்ந்தது என்றும் அவர் உரைத்தார். தனியொருவரைக் குறிவைத்ததில்லை, எழுத்தாளராகவும் நடிகராகவும் இருந்த தயாரிப்பாளர் அனைவரிடமும் அவ்வாறே கேட்கப்பட்டது என்பது விருதுக் கழகத்தார் மறுமொழி. பிறரெவரும் அவ்வாறு செய்யவேண்டியிருக்கவில்லை என அவர் மீண்டும் வலியுறுத்தினார். கூரையிலிருந்து விழுந்த திரைக்கதைக்கு ஆண்கள் இருவர் பரிசுபெறுவதாக 23 வயதிற் சிரித்து எழுதியவர், தம் கையால் எழுதியதைத் தாமே எழுதியதாக நிறுவவேண்டி வந்தமை கொடிய நகைமுரண்.

2012 செப்டெம்பரில் தொடங்கிய 'த மிண்டி புரொஜெக்ட்' அவரே ஆக்கி, எழுதி, தலைமைப் பாத்திரமேற்று நடித்த தொடர். அமெரிக்காவின் பெருந்தொலைக்காட்சி நிறுவனமொன்றில் தென்னாசிய வழிவந்த பெண்ணொருவர் இவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. கதைத்தலைவி மகப்பேற்று மருத்துவர். தாயின் தொழிலே அவளுக்குரியதாயிற்று. அத்தாய் அவ்வாண்டின் தொடக்கத்திலே புற்றுநோயால் இறந்துவிட்டார். மூன்று பருவங்களின்பின் பொக்ஸ் நிறுவனம் கைவிட்டதும் ஹூலு என்னும் இணையவழி நிறுவனம் ஏற்றது; 2017 நவம்பர்வரை 117 அங்கங்கள் ஓடின.

2019 இல் நிஷா கணத்ரா இயக்கத்தில் வந்த 'லேட் நைட்' கேலிங் எழுதிய திரைப்படம். எம்மா தொம்சன் இரவுநேர நிகழ்ச்சி நடத்தும் மூத்த நகைச்சுவையாளராக நடிக்க, ஆண்கள் மட்டுமே நிறைந்த எழுத்தாளர் அறைக்குள் இரசாயனத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வந்து நுழையும் பெண்ணாகக் கேலிங் நடித்தார். தம் இருபதுகளின் அனுபவமே அதன் வித்து என்பது வெளிப்படை. சண்டான்ஸ் திரைப்பட விழாவில் அமேசன் நிறுவனம் 13 மில்லியன் டொலருக்கு அதன் உரிமையை வாங்கியது. இருப்பினும் ஒரு படைப்பாக நோக்குமிடத்து அது 'திவாலி' அங்கத்துக்கு ஈடாகாது. பயிற்சி மேசையின் கூர்மை அங்கே நல்லுரையாக நெகிழ்ந்துவிட்டது.

தமிழ்ப்பெயர் திரும்பியது 2020 ஏப்ரலில். லாங் பிஷரோடு சேர்ந்து அவர் ஆக்கிய 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரின் தலைவி தேவி விஸ்வகுமார், கலிபோர்ணியாவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பதினைந்து வயதுப் பெண். தந்தை கண்முன்னே மாண்ட அதிர்ச்சியில் சிலகாலம் கால்கள் செயலிழந்தவள், கோபக்காரி, பொய்யும் சொல்பவள். துயரத்தை அடிநிலமாக்கி அதன்மேல் நகையை எழுப்பும் அமைப்பு இத்தொடருக்கு உண்டு. இளமையில் தாயை இழந்து அதே ஆண்டிலே நாடு சிரிக்கும் தொடரை நடத்தியவர்க்கு அது இயல்பாகவே கைவந்தது போலும். வீட்டுக்குள் 'கண்ணா' என்னும் விளி ஒலிக்கின்றது. ஆயினும் தமிழ் அங்கே ஓரிரு சொல்லளவே. பூசையும் புடைவையும் பொதுப்பட்ட இந்தியத்தன்மையாகவே காட்டப்படுகின்றன. கெலி தொடங்கித் தேவிவரை இவர் படைத்த பெண்கள் வெள்ளை இளைஞரை நாடுவதும், தம் உடலையும் குலத்தையும் தாமே பழிப்பதும் ஒரே அச்சில் வார்த்தவையெனத் தென்னாசிய இளைஞர் பலர் குறைகூறியுள்ளனர். இக்குறை முற்றிலும் பொய்யன்று. தன்னைத் தானே எள்ளுதல் பிறர் எள்ளலினின்று காக்கும் கேடயமாகத் தொடங்கிப் பழக்கமாக இறுகிவிடுவதுண்டு. மேடையில் தனித்துநின்று பழகியவர்க்கு அது எளிதில் நீங்காது. அதேவேளை, ஆயிரக்கணக்கான வெள்ளைப் பாத்திரங்களிடம் கேட்கப்படாத பிரதிநிதித்துவத்தை ஒரு பெண்ணின் நான்கைந்து பாத்திரங்களிடம் கேட்பது நேர்மையாகுமா என்பதும் எண்ணத்தக்கது.

தேவியாக நடிக்கப் புதியவர் ஒருவரைத் தேடி 2019 இல் கேலிங் பொது அழைப்பு விடுத்தார். ஏறக்குறைய 15,000 பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் தெரிவுசெய்யப்பட்டவர் கனடாவின் மிஸிசாகா நகரில் 2001 இற் பிறந்து உயர்நிலைப் பள்ளிக் கல்வியை அண்மையிலே முடித்திருந்த மைத்ரேயி இராமகிருஷ்ணன். அவருடைய பெற்றோர் இலங்கையின் உள்நாட்டுப் போரால் அகதிகளாகப் பெயர்ந்தவர்கள். 1965 ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த கதவால் வந்த தமிழரின் மகள் எழுதிய சொற்களை, போர் துரத்திய தமிழரின் மகள் பேசினார். இலங்கைத் தமிழர் வாழ்வு அக்கதையில் இல்லை. அதைப் பேசிய குரலில் மட்டுமே அது இருந்தது. தம்மைத் தமிழ்க் கனேடியர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும் மைத்ரேயி, தம் பெயரைப் பிழையாக ஒலிப்போரைத் திருத்தவும் தயங்குவதில்லை. 2023 யூனில் நான்காம் பருவத்தோடு தொடர் நிறைவுற்றபோது 40 அங்கங்கள் வெளிவந்திருந்தன. அவ்வாண்டு மார்ச்சில் அமெரிக்க சனாதிபதியிடமிருந்து தேசியக் கலைப் பதக்கத்தைப் பெற்றவரின் பெயர் மிண்டி கேலிங் என்றே வாசிக்கப்பட்டது. தொடரின் ஒவ்வோர் அங்கத்திலும் இராமகிருஷ்ணன் என்னும் பெயர் ஓரெழுத்தும் குறையாது திரையில் வந்தது.